இடைவேளை வரைக்கும் முப்பது பேர்

கையில சுருட்டி வெச்சிருக்கிறது போஸ்டரா, தங்கச்சி? பஸ் குலுங்குறப்ப எல்லாம் நீ கம்பியைப் பிடிக்காம அதைத்தான் பிடிக்கிற, அதான் கேட்டேன்.

சினிமாவா. நீயே எடுத்ததா? சரி சரி. அப்ப மதுரையில தியேட்டர்காரரைப் பார்க்கப் போறியாக்கும். ஒரு ஷோவாவது குடுங்கன்னு கேப்ப. பதினொன்றரை மணி ஷோ குடுப்பாங்க. வேலைக்குப் போறவன் எவனும் வர முடியாத நேரம். குடுத்துட்டு, பத்துத் தலைக்குக் கீழ போனா ஷோ கேன்சல்னு சொல்லுவாங்க. என்ன அப்படிப் பார்க்கிற? நான் சினிமா ஆள் இல்லம்மா. ஆனா ஒரு படத்தை மூணரை நாள் ஓட்டினவ. நான் இல்லேன்னா அது முதல் நாளே பெட்டிக்குள்ள போயிருக்கும். அந்தத் தம்பி இன்னைக்கு வரைக்கும் அதை ஒரு வார்த்தை வெளியில சொன்னதில்ல. போகட்டும். நன்றியை எதிர்பார்த்தா நம்ம தொழில் நடக்காது.

என் பேர் அழகுராணி. எங்க ஊர்ல இறங்கி ராணியக்கா வீடு எதுன்னு யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. நான் ஆள் கூட்டிட்டு வர்றவ. கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு, தண்ணிப் பந்தல், ஆஸ்பத்திரிக்காரங்க நடத்துற இலவச முகாம், எங்க தலை வேணுமோ அங்க. எந்தக் கட்சின்னு கேக்காத. எல்லாக் கட்சிக் கலர்லயும் நம்மகிட்ட சேலை இருக்கு. பூராம் பொம்பளைங்க. தீப்பெட்டி ஆபீஸ் மூடினதும் கைவேலை இல்லாமப் போனவளுக, நூறு நாள் வேலையில பேர் விட்டுப்போனவளுக. என்னால அடுப்பு எரியுது. அதை அவளுகளே சொல்லுவாளுக.

நம்ம தொழில்ல ரெண்டே சட்டம். அறுபதுன்னா அறுபது. ஐம்பத்தொன்பதுன்னு ஒரு நாள் வந்துட்டா அதோட நம்மளை எவனும் கூப்பிட மாட்டான். ரெண்டாவது, எண்ணி முடிச்சதும் கிளம்பணும். தலைவர் மேடை ஏறுவார், கையாட்டுவார், போட்டோ எடுப்பாங்க, ஒருத்தன் வந்து வரிசை வரிசையா தலை எண்ணுவான். அதோட நம்ம வேலை முடிஞ்சது. நான் மஞ்சள் கர்ச்சீப்பை ஒரு தடவை தூக்கினா கைதட்டணும், ரெண்டு தடவை தூக்கினா எந்திரிச்சு வேனுக்குப் போகணும். அடுத்த இடத்துல அடுத்த ஆள் காத்திருப்பாருல்ல. தலைவர் என்ன பேசுறார்னு யாரு கேக்கிறா? யாரும் கேக்கிறதில்லன்னு அவருக்கே தெரியும்.

போன வருஷம் சித்திரையில, நல்ல அக்கினி வெயில்ல, தியேட்டர் மேனேஜர் தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு தம்பியை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார். ஒல்லியா, தாடியோட. பேர் அமலநாதன். திண்டுக்கல் பக்கம்.

"யம்மா ராணி, இவர் ஒரு படம் எடுத்திருக்காரு. வர்ற வெள்ளிக்கிழமை நம்மகிட்ட போடுறோம். தலை வேணுமாம்"னார் அண்ணாச்சி.

"என்ன படம்?"

"மூணு நகல்னு பேருக்கா"ன்னுச்சு அந்தத் தம்பி.

"ஜெராக்ஸ் கடைப் படமா தம்பி?"

அண்ணாச்சி சிரிச்சார். தம்பிக்குச் சிரிப்பு வரல. உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லுச்சு. கல்யாண வீடியோ எடுத்து எடுத்து, அந்தக் காசுல ஆறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா எடுத்த படமாம். ஒன்பது ஊர்ல போன வாரமே போட்டு, ரெண்டே நாள்ல தூக்கிட்டாங்களாம். எங்க ஊர் மட்டும்தான் பாக்கியாம். மெட்ராஸ்ல ஒருத்தர் இருக்கார், செல்போன்ல படம் பார்க்கிறாங்கல்ல, அந்தக் கம்பெனிகளுக்குப் படத்தை வாங்கிக் குடுக்கிற ஏஜென்ட். அவர் சொல்லிட்டாராம், ஏதாவது ஒரு ஊர்ல ஒரு வாரம் முழுசா ஓடட்டும், தினம் இடைவேளையில லைட்டைப் போட்டுத் தியேட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்பத்தான் பேசுவேன்னு.

"ஏழே நாள்க்கா. வெள்ளியிலிருந்து வியாழன் வரைக்கும். அது ஓடிட்டா நாலு நாட்டுல நாலு பேர் பார்ப்பாங்க. இல்லேன்னா நான் எடுத்ததே யாருக்கும் தெரியாது."

"டிக்கெட்டை நீங்களே மொத்தமா எடுத்துக்க வேண்டியதுதானே?"

அண்ணாச்சி குறுக்க வந்தார். "டிக்கெட் யார் வேணா எடுக்கலாம்மா. ஏசி போடணும்னா எனக்குச் சீட்ல தலை தெரியணும். ஒரு நாள் தலை குறைஞ்சாக்கூட முதலாளி வேற படத்தைப் போடச் சொல்லிருவாரு."

முப்பது பேர்னு பேசினோம். "திங்கக்கிழமை மட்டும் ஆகாது தம்பி, அன்னைக்கு மந்திரி வர்றார், மத்த ஆறு நாளும் முப்பது"ன்னேன். தம்பி முகம் சுருங்குச்சு. திங்கக்கிழமைக்குப் பத்துப் பேரை எப்படியாவது பார்த்துக்கிறேன்னுச்சு. அப்ப அதை நான் காதுல போட்டுக்கல. போட்டிருக்கணும்.

வெள்ளிக்கிழமை. உள்ள போனதும் ஏசிக் காத்துக்கு, "ஆத்தீ, ஊட்டி"ன்னு காலை நீட்டி உட்கார்ந்தாளுக. படம் ஆரம்பிச்சுது. பாட்டு இல்ல, சண்டை இல்ல, நல்ல சேலை கட்டின ஒருத்தி இல்ல. ஒரு பொம்பளை. கையில ஒரு பை. புருஷன் கம்பெனியில பாய்லர் வெடிச்சு செத்துட்டான், கம்பெனிக்காரன் அப்படி ஒரு ஆள் எங்ககிட்ட வேலையே பார்க்கலங்கிறான். பார்த்தான்னு ஒரு பேப்பர் வேணும். அதுக்கு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குறா. எல்லா ஆபீஸ்லயும் மூணு நகல் கேக்கிறான். அம்புட்டுதான் கதை.

ஒரு கட்டத்துல ஒரு கிளார்க்கு, "அடுத்த வாரம் வா"ங்கிறான். அவ எந்திரிச்சு அவனையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. ரொம்ப நேரம் நிக்கிறா. சரி, இதுதான் கைதட்டுற இடம்னு நான் கர்ச்சீப்பைத் தூக்கினேன். முப்பது பேரும் தட்டினாளுக பாரு, கூரை அதிருது. இருட்டுல தம்பி விழுந்தடிச்சு ஓடி வருது.

"அக்கா, அக்கா, இங்க தட்டக்கூடாதுக்கா."

"பின்ன எங்கங்க தட்டணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க தம்பி."

"எங்கயும் தட்ட வேணாம். சும்மா பார்த்தாப் போதும்."

சும்மா பார்க்கிறதுக்கு ஆள் கேட்ட முதல் ஆள் அந்தத் தம்பிதான். இருபது வருஷத்துல இப்படி ஒரு கேவலம் எனக்கு நடந்ததில்ல. தட்டாத கூட்டத்தைப் பார்த்தா, ராணி கூட்டிட்டு வந்த கூட்டம்னு யார் சொல்லுவா? சரி, அவர் படம், அவர் தலையெழுத்துன்னு விட்டுட்டேன்.

இடைவேளை விட்டாங்க. லைட்டைப் போட்டுத் தம்பி போட்டோ எடுத்துச்சு. எடுத்ததும் நான் கர்ச்சீப்பை ரெண்டு தடவை தூக்கினேன். மொத்தமா எந்திரிச்சாளுக.

"அக்கா, இன்னும் பாதிப் படம் இருக்கே!"

"போட்டோ எடுத்தாச்சுல்ல தம்பி?"

"அவங்க முடிவைப் பார்க்க வேணாமா?"

"அவளுகளுக்கு எதுக்குத் தம்பி முடிவு? ஒன்றரை மணிக்குத் தண்ணிப் பந்தல் திறக்கிறாங்க, வேன் நிக்குது."

நியாயம்தானே, தங்கச்சி? போட்டோவுக்குத்தான் பேசினது. ஒரு வேலையை ஒத்துக்கிட்டு இன்னொண்ணைக் கேட்டா எப்படி? மூணு நாளும் அதே மாதிரிதான். போவோம், உட்காருவோம், போட்டோ, கிளம்புவோம்.

கொஞ்சம் அந்த ஜன்னலைச் சாத்தும்மா, புழுதி அடிக்குது. ஆங்.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்துச்சு. கைதட்டக்கூடாதுன்னு சொன்னதுக்கு என் ஆளுங்க பேச ஆரம்பிச்சுட்டாளுக. என்கிட்ட இல்ல, படத்துல வர்ற அந்தப் பொம்பளைகிட்ட.

"அந்த ரூம்ல கேக்காதடி, பக்கத்து ரூம்ல போ."

"அவன் டீ குடிக்கப் போயிருக்கான், இனிமே வரமாட்டான்."

படத்துல அடுத்தாப்ல அந்த ஆள் நெசமாவே டீக்கடையில நிக்கிறான். "பார்த்தியா, நான் சொல்லல?"ன்னு ஒரே சிரிப்பு. ஒருத்தி "இந்தக் கிளார்க்கு நம்ம தாலுகா ஆபீஸ்ல இருக்கிறவன்டி"ங்கிறா. "அவன் கறுப்புடி." "பவுடர் போட்டுக் கூட்டியாந்திருப்பாங்க." அந்தக் கூத்தையெல்லாம் தம்பி பின்னாடி சுவத்தோரம் நின்னு பார்த்துச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு. ஏசி ஒத்துக்கல போல.

என்னடா, விலைக்கு வந்த கூட்டம் இப்படிப் பேசுதேன்னு தம்பிக்குக் கோவமோன்னு நினைச்சு, "நாளைக்கு வாயை மூடிட்டு இருக்கச் சொல்றேன் தம்பி"ன்னேன்.

"வேணாம்க்கா. தயவுசெய்து சொல்லிராதீங்க"ன்னுச்சு. ஒரு நாள் தட்டாதங்குது, ஒரு நாள் பேசட்டும்ங்குது. என்னன்னு எடுத்துக்கிறது?

அன்னைக்கு வேன்ல சண்டை. அந்தப் பொம்பளைக்குப் பேப்பர் கிடைக்கும்னு பாதிப் பேர், கிடைக்காதுன்னு பாதிப் பேர். தண்ணிப் பந்தல்ல வந்தவுகளுக்கு மோர் ஊத்திக் குடுத்துக்கிட்டே அதே பேச்சு. கட்சிக்காரன் ஒருத்தன், "யாரும்மா அது, எந்தத் தெரு?"ன்னு கேக்கிறான். ஏதோ வார்டுப் பிரச்சினைன்னு நினைச்சுட்டான்.

இதுல குருவம்மான்னு ஒருத்தி. என் ஆளுதான். நாப்பது வயசு இருக்கும், வாயே திறக்க மாட்டா. தட்டுன்னா தட்டுவா, எந்திரின்னா எந்திரிப்பா. அவ புருஷன் வடக்க கட்டட வேலைக்குப் போன இடத்துல சாரம் சரிஞ்சு செத்துட்டான். உடம்பு வந்துச்சு. செத்தான்னு பேப்பர் வரல. இங்க கேட்டா செத்த ஊர்லதான் குடுக்கணும்ங்கிறான். அந்த ஊர்ல போய் கேக்க இவளுக்குப் பாஷை தெரியாது. கூட்டிட்டுப் போன மேஸ்திரி போனை எடுக்கிறதில்ல. அந்தப் பேப்பர் இல்லாம விதவைப் பென்சனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு வருஷமாச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாரம் தவறாம அவளைக் கூப்பிடுறேன்.

ஞாயித்துக்கிழமை போட்டோ எடுத்து நாங்க படியில இறங்குறோம். இவ மட்டும் மேல நின்னு தம்பிகிட்ட என்னமோ கேக்கிறா. திரும்பிப் போய் காதைக் குடுத்தேன்.

"தம்பி, அவ அடுத்து எந்த ஆபீசுக்குப் போவா?"

கேள்வியைப் பார்த்தியா? நெசமாவே அப்படி ஒரு பொம்பளை இருக்கிறதா நினைச்சுட்டா. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "உட்கார்ந்து பாருங்கம்மா, தெரியும்"ன்னுச்சு.

எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. என் ஆள்கிட்ட என்னைத் தாண்டிப் பேசுறது. இந்தத் தொழில்ல அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. நாளைக்கு எனக்குத் தெரியாம நேராக் கூப்பிட்டுக்கிட்டா நான் என்னத்துக்கு?

திங்கக்கிழமை. மந்திரி கூட்டம் பைபாஸ் மைதானத்துல. ஒரு மணிக்கு நாற்காலியில இருக்கணும், அறுபது பேர்னு ஒத்துக்கிட்டிருந்தேன். போய் எண்ணுறேன், முப்பத்தெட்டு. திரும்ப எண்ணுறேன், முப்பத்தெட்டு. அந்தத் தியேட்டர் செட்டுல இருபத்திரெண்டு பேரைக் காணோம்.

ஒன்றியச் செயலாளர் வந்தார். ஒன்றியம்னுதான் நாங்க கூப்பிடுவோம். நாலு பேர் நிக்கிறப்ப, மைக்செட்காரன் முன்னாடி, "என்ன ராணி, முன் வரிசை பல்லு விழுந்த வாயாட்டம் இருக்கு? வயசாயிருச்சா உனக்கு?"ன்னார்.

இருபது வருஷம். ஒரு தலை குறைஞ்சதில்ல. அந்த ஒரு வார்த்தை எனக்கு எங்க போய்க் குத்துச்சுன்னு உனக்குச் சொன்னா விளங்காது.

ஒருத்திக்குப் போன் போட்டேன், எடுக்கல. இன்னொருத்தி மக எடுத்துச்சு. "அம்மா சினிமாவுக்குப் போயிருக்கு"ங்குது. வேனைத் திருப்பச் சொன்னேன்.

தியேட்டர்ல நான் நுழையறப்ப ஒன்றரை ஆகப் போகுது. கதவைத் தள்ளிட்டு உள்ள போனேன். இருட்டுல மொதல்ல ஒண்ணும் தெரியல. பேச்சுச் சத்தமே இல்ல. தப்பான இடத்துக்கு வந்துட்டோமோன்னுகூட நினைச்சேன். என் ஆளுங்க பேசாம இருந்து நான் பார்த்ததில்ல தங்கச்சி. கண்ணு பழகினதும் பார்க்கிறேன், நடு வரிசையில இருபத்திரெண்டு தலை. முன்னாடி சீட்டைப் பிடிச்சுக்கிட்டு, கழுத்தை நீட்டிக்கிட்டு.

வெளிய வந்து, "அண்ணாச்சி, லைட்டைப் போடுங்க"ன்னேன்.

"ஏம்மா, படம் ஓடுது. டிக்கெட் எடுத்து வந்திருக்காளுவ."

"ஒன்றியம் சொல்லிட்டார்."

அவர் சொல்லல. ஆனா சொல்லுவார். அண்ணாச்சிக்கும் அடுத்த மாசம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். லைட்டு விழுந்துச்சு. படம் சுவத்துல வெளிறிப்போய் ஓடுது, பேசுற சத்தம் மட்டும் கேக்குது. நான் நடுவுல நின்னு ஒவ்வொருத்தியாப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு எந்திரிச்சாளுக. இந்தக் குருவம்மா மட்டும் கைப்பிடியை விடல.

"யக்கா, இன்னும் கால் மணி நேரம்தானாம். இப்பத்தான் அவ கடைசி ஆபீசுக்கு வந்திருக்கா. முடிஞ்சதும் நாங்களே ஓடியாந்திருவோம். மந்திரி என்னைக்குக்கா நேரத்துக்கு வந்தாரு?"

"உனக்காக அவர் வந்து நிக்கணுமாடி? எந்திரி."

கையைப் பிடிச்சுத் தூக்கினேன். இழுக்கலை, தூக்கினேன். பார்க்கிறவங்க எப்படி வேணாலும் சொல்லுவாங்க.

தம்பி வாசல்கிட்ட நிக்குது. கையில போனை முகத்துக்கு நேரா நீட்டிப் பிடிச்சபடி. "அக்கா, இவங்க அவங்க சொந்தக் காசுல வந்திருக்காங்க. நான் கூப்பிடல. சத்தியமா கூப்பிடலக்கா."

"என் ஆளுக சொந்தக் காசைக் குடுத்து ஏசிக் காத்து வாங்குறவளுகளா? யாரைப் பார்த்துக் கதை விடுறீங்க?"

அப்பத்தான் அந்தப் போன்ல ஒரு ஆள் மூஞ்சி தெரிஞ்சுது. கண்ணாடி போட்டவர். மெட்ராஸ் ஏஜென்ட்டாம். போட்டோ எல்லாம் இடைவேளையிலயே வருதே, படம் முடியற நேரத்துல ஆள் இருக்கான்னு வீடியோ கால்ல காட்டுங்கன்னு கேட்டிருக்கார். தம்பி காட்டிக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு இது எப்படித் தெரியும்?

"என்ன பிரதர், ஆள் பிடிச்சு உட்கார வெச்சுத்தான் இத்தனை நாள் போட்டோ அனுப்பினீங்களா?"ன்னு போன்ல சத்தமாக் கேக்கிறார்.

"இல்ல சார், இன்னைக்கு வந்தவங்க..."ன்னு தம்பி இழுக்குது.

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கல. ஆள் பிடிக்கிறதுக்கு நாம என்ன நாய் வண்டியா? நானே போனுக்கு முன்னாடி போய் நின்னேன். "சார், வணக்கம். யாரும் பிடிச்ச ஆள் இல்ல சார். இவளுக பூராம் என் ஆளுக. வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளும் முப்பது முப்பது பேர். ஒரு தலை குறையல. வேணும்னா இவரைக் கேட்டுப் பாருங்க. உங்களுக்கும் எங்கயாவது வேணும்னா சொல்லுங்க சார், எந்த ஊருக்கும் வருவோம்."

போன் கட்டாயிருச்சு. சிக்னல் கிடைக்கல போல. அந்தத் தியேட்டர் வாசல்ல எப்பவுமே கிடைக்காது.

தம்பி என்னைத் திட்டல. அதைச் சொல்லணும்ல. போனைச் சட்டைப்பையில வெச்சுட்டு, இவளுக வேன்ல ஏறுறதைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. உள்ள மிச்சம் நாலே பேர். அண்ணாச்சி டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்து அனுப்பிட்டார். அந்தத் தம்பிக்காக நான் அந்த ஏஜென்ட்கிட்ட அத்தனை எடுத்துச் சொல்லியிருக்கேன், ஒரு தேங்க்ஸ் வந்திருக்கணுமா வேணாமா?

ரெண்டு மணிக்கெல்லாம் நாற்காலி நிறைஞ்சிருச்சு. ஒன்றியம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குப் போன உசிர் திரும்பி வந்துச்சு. மந்திரி நாலு மணிக்கு வந்தார். வந்து பேசுறப்ப முன் வரிசையில இந்தக் குருவம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கா. எனக்குப் பகீர்ங்குது. நல்லவேளை, அவர் தாய்மார்களோட கஷ்டம் எனக்குத் தெரியும்னு சொல்ற இடம் அது. போட்டோகிராபர் ஓடி வந்து எடுத்தான். மறுநாள் பேப்பர்ல வந்துச்சு, "அமைச்சர் உரை கேட்டுக் கண்கலங்கிய பெண்கள்"னு. ஒன்றியம் எனக்குத் தனியா ஒரு சால்வை போட்டார்.

செவ்வாய்க்கிழமை முப்பது பேரைக் கூட்டிட்டுத் தியேட்டருக்குப் போனேன். ஒத்துக்கிட்டதுல்ல? நம்ம சைடுல பிசகு இருக்கக்கூடாது. போஸ்டரை மாத்திட்டாங்க. பெரிய நடிகர் படம். தம்பி காலையிலயே படம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கிட்டுப் பஸ் ஏறிருச்சாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகல.

அன்னைக்குச் சாயங்காலம் குருவம்மா வீட்டுக்கு வந்தா. நிலைப்படியைத் தாண்டி உள்ள வர மாட்டேங்கிறா.

"யக்கா, அந்தப் படம் இனிமே வராதா?"

"வராது."

"வேற எங்கயாவது போடுவாகளா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க பெரிய ஆளுககூடப் பழகுறவுக. அந்தத் தம்பி உங்ககிட்டக் கதை சொல்லியிருக்குமே. கடைசியில அவளுக்குப் பேப்பர் கிடைச்சுச்சாக்கா? யார் குடுத்தா?"

அப்பத்தான் எனக்கே உறைச்சது, நானும் இடைவேளைக்கு மேல பார்த்ததில்ல. ஆனா தெரியாதுன்னு சொன்னா விடுவாளா? மூஞ்சியைப் பார்த்தேன். சும்மா அனுப்ப மனசு வரல. ஏதோ நல்லதாச் சொல்லுவோமேன்னு, "கிடைச்சுச்சுடி. நேரா கலெக்டர்கிட்டப் போய் மனு குடுக்கிறா. அவர் அங்கனயே படிச்சுப் பார்த்து, பச்சை இங்க்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறார். சுபம்"னேன்.

"எந்தக் கிழமைக்கா?"

"திங்கக்கிழமைதான் மனு வாங்குவாங்க."

"எத்தனை நகல் வெச்சா?"

"மூணு. அதானடி படத்துக்குப் பேரு."

முதல் தடவையா அவ சிரிச்சு நான் பார்த்தேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னா மனுஷருக்கு எவ்வளவு தெம்பு வருது பாரு.

ஏழெட்டு மாசம் கழிச்சு, மாநாடு ஒண்ணுல அந்தத் தம்பியைப் பார்த்தேன். தாடி எடுத்திருச்சு. மேடை பக்கத்துல கிரேன்ல கேமரா கட்டி, கூட்டத்தை மேலயிருந்து எடுக்கிற வேலை. இப்ப எல்லாக் கட்சி மாநாட்டுக்கும் அதுதானாம். பத்தாயிரம் தலைக்குக் குறைஞ்சு இப்ப அது எதையும் எடுக்கிறதில்ல, அந்த அளவுக்கு வந்திருச்சு. நான்தான் வலியப் போய்ப் பேசினேன்.

"நல்லா இருக்கீங்களா தம்பி? அந்தப் படம் என்னாச்சு?"

"வீட்ல இருக்குக்கா."

"ஏஜென்ட் வாங்கலையா?"

"காசு குடுத்துக் கூட்டம் சேர்க்கிற ஆளுன்னு பேராயிருச்சுக்கா. இப்ப யாரும் போனை எடுக்கிறதில்ல."

யார் அப்படிப் பேர் கட்டினாங்களோ, சினிமாவுல பொறாமை பிடிச்ச ஆளுக ஜாஸ்தி. நீயும் சூதானமா இருந்துக்கோ.

"சரி தம்பி, அந்த முடிவுதான் என்ன? எங்க குருவம்மா இன்னும் அரிக்கிறா"ன்னேன்.

தம்பி சொல்லுச்சு. "கடைசி ஆபீஸ்லயும் கிடைக்காதுக்கா. அவ வெளிய வருவா. அங்க வரிசையில அவளை மாதிரியே பையோட நிறைய பொம்பளைங்க நிக்கிறாங்க. அவ இனிமே வரிசையில நிக்க மாட்டா. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ப் பேர் என்ன, எந்த ஊர்னு கேட்டு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிப்பா. அம்புட்டுதான். எழுதிக்கிட்டே இருக்கிறதோட படம் முடியுது."

"இதுக்கா ஆறு வருஷம்?"

"ஆமாக்கா"ன்னுச்சு. மேடையில தலைவர் பேர் சொன்னாங்க, கிரேன்ல ஏறிப் போயிருச்சு.

நான் அதைக் குருவம்மாகிட்டச் சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது? அவ பாட்டுக்கு ஒரு நோட்டை வாங்கிக்கிட்டுப் பேர் எழுதக் கிளம்பிட்டாள்னு வையி. என் ஆளுக அத்தனை பேரும் ஏதாவது ஒரு வரிசையில நின்னவளுகதான். அப்புறம் மீட்டிங்குக்கு நான் யாரைக் கூப்பிட?

மாட்டுத்தாவணி வந்திருச்சு போல, எல்லாரும் எந்திரிக்கிறாங்க. இந்தா, இது என் நம்பர். ஏழு நாளும் வேணும்னா முன்கூட்டியே சொல்லிரு. ஆனா திங்கக்கிழமைன்னா ஒண்ணு சொல்லிருவேன், ஒரு தலை குறையும். குருவம்மா அன்னைக்கு எங்கயும் வர்றதில்ல. மூணு நகலை எடுத்துக்கிட்டு காலையில முதல் பஸ்ல கலெக்டர் ஆபீசுக்குப் போயிருவா. போன வருஷம் சித்திரையிலிருந்து ஒரு திங்கள் விடல. மனுவை வாங்கி வெச்சுக்கிட்டு, தகவல் வரும்னு சொல்லி அனுப்புறாங்களாம்.

போன வாரம்கூட வந்து கேட்டா. "யக்கா, படத்துல அவ எத்தனாவது தடவை போனப்ப கையெழுத்துப் போட்டாரு?"

"சரியா ஞாபகம் இல்லடி. இன்னும் கொஞ்ச நாள் போய்ப் பாரு"ன்னேன்.

"சரிக்கா"ன்னுட்டுப் போயிட்டா.